ஒரு கிலோ அறுநூறு கிராம்

"உங்கப்பாகிட்ட நான் கேட்க மாட்டேன். நீயே கேளு" என்றாள் அம்மா.

"நீ ஒரு வார்த்தை சொன்னா அப்பா உடனே சரின்னுடுவாரும்மா."

"அதான் சொல்ல மாட்டேங்கிறேன். லேப்டாப் உனக்கு. கேட்க வேண்டிய வாயும் உன்னோடது."

"அப்போ, படிப்புக்குன்னு கேட்டுக்கட்டுமா?"

அம்மா மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். சிரித்ததற்கான விலையாகச் சிறிது நேரம் மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"படிப்புக்கும், கேம்ஸுக்கும். ரெண்டையும் சேர்த்துச் சொல்லணும். கேம்ஸ்ங்கிற வார்த்தையை முழுங்கிட்டுக் கேட்டேன்னு தெரிஞ்சுது, பார்த்துக்க. திருட்டுத்தனமா எடுத்த வண்டியில நான் ஏற மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை கேட்கிறேன்."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

மகள் மேப்பு அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்கவில்லை. பல ஞாயிற்றுக்கிழமைகள் போய், இன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அம்மா முன்னறையில் வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தாள். விடிந்து சற்று நேரத்தில், காலைக் காப்பி ஆறும் முன்பே, எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது மேப்பு உள்ளறையில் அம்மாவின் கட்டில் விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். தலையணையைத் தூக்கினாள். இன்னொன்றையும் தூக்கினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

மூட்டையைக் காணவில்லை.

மேப்பு என்பது, வழி காட்டும் மேப் என்று அம்மா மகளுக்கு வைத்த பட்டப்பெயர். அம்மா ஓட்டுநர் பள்ளியில் ஆசிரியை. பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். ஸ்டியரிங் எப்போதும் அடுத்தவர் கையில், பயம் அம்மாவின் வலது காலில். பஸ்ஸில் போகும்போதுகூட அந்தக் கால் தானாகத் தரையை அழுத்தும். "ஊருக்கெல்லாம் ஓட்டக் கத்துக்குடுத்தேன். நான் ஆசைப்பட்ட வேகத்துல ஒரு நாளாச்சும் ஓட்டியிருக்கேனா?" என்பாள். நுரையீரல் கெட்டுப்போய் வேலையை விட்ட பிறகு, மகள் பழைய கணினியில் விளையாடிக்கொண்டிருந்த மலைப்பாதைக் கார் பந்தயத்தை ஒரு மதியம் எட்டிப் பார்த்தாள். "கொஞ்சம் தள்ளு" என்றாள். அதன் பிறகு அவள் அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்கவில்லை. ஓட்டுவது அம்மா, அடுத்த வளைவைச் சொல்வது மகள். "இடது, கூரான வளைவு. மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் வலது." தப்பாகச் சொன்னால் வண்டி பள்ளத்தில் கிடக்கும். "என்ன மேப்பு, கொன்னுட்டியே" என்று அம்மா சந்தோஷமாகத் திட்டுவாள்.

நாற்காலியில் உட்கார முடியாமல் போனபோதுதான் லேப்டாப் பேச்சு வந்தது. மகளுக்கோ கல்லூரி திறக்கப் போகிறது. காலையில் அவள் தோளில் போக வேண்டும், சாயங்காலம் அம்மாவின் வயிற்றின் மேல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெட்டி.

எடையை அம்மா தானே சோதித்தாள். ஒவ்வொரு மாடலின் எடைக்கும் மளிகைச் சாமான்களைச் சமையலறைத் தராசில் நிறுத்துத் தலையணை உறையில் கட்டிக் கொண்டுவரச் சொல்வாள். வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு மூன்று முறை மூச்சு விடுவாள். முதலில் ஆசைப்பட்டது, விசைகளுக்கடியில் வண்ண விளக்குகள் எரியும் மாடல், இரண்டரைக் கிலோ. "லாரி ஏறி நிக்கிற மாதிரி இருக்கு. எடு, எடு." அடுத்து, காகிதம்போல ஒன்று. அதற்குத் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. "இது சும்மா காத்து வாங்கப் போற வண்டி. மேட்டுல ஏறாது." பிறகு சார்ஜரின் எடையை மகள் கணக்கில் சேர்க்காததைக் கண்டுபிடித்துக் கேலி செய்தாள். "எனக்குத் தலைமாட்டுலயே பிளக் இருக்கு. அந்தச் செங்கல்லக் காலேஜுக்கு யாரு தூக்குறது, நானா?"

கடைசியில் ஒன்று அகப்பட்டது. போன வருட மாடல் என்பதால் விலையை இறக்கியிருந்தார்கள். திரை கொஞ்சம் சிறியது. மெமரி குறைவுதான், பின்னால் கூட்டிக்கொள்ளலாம். சூடானால் விசிறி சத்தம் போடும். "போடட்டும், என் மெஷினும்தான் சத்தம் போடுது" என்றாள் அம்மா. ஒரு கிலோ அறுநூறு கிராம். ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட், அரைக் கிலோ சர்க்கரைப் பாக்கெட், ஒரு குளியல் சோப்பு. அதைக் கட்டி வயிற்றின் மேல் வைத்ததும் அம்மா மூன்று முறை மூச்சு விட்டாள். நான்காவது முறையும் விட்டாள். "இது ஓடும்" என்றாள். அன்று முதல் அந்த மூட்டை கட்டிலிலேயே இருந்தது. இரண்டு கைகளையும் அதன் மேல் வைத்துக்கொண்டு சில மதியங்களில் தூங்கிப்போவாள்.

மிச்சமிருந்தது கேட்பது மட்டும். அதுதான் நடக்கவில்லை. பெரியப்பா மகன் கேம்ஸ் ஆடி ஒரு வருடம் கோட்டை விட்டதிலிருந்து இந்தக் குடும்பத்தில் அது வெளியே சொல்லக்கூடாத வார்த்தை. பெரியப்பா சொன்னால் அப்பாவுக்கு மறுபேச்சு கிடையாது. பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்துகொடுக்கும் அப்பா, நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்கு அளவெடுத்தே தன் வாயை மூடிக்கொண்டவர் என்று அம்மா சொல்வாள்.

சமையலறையில் பெரியம்மா டீ மட்டும் போட அடுப்பில் பெரிய பாத்திரம் ஏற்றியிருந்தாள். தலையணை உறை மேடையில் கிடந்தது. பெரிய பாக்கெட் கிழிந்து, பாதி டப்பாவுக்குள் போயிருந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரி அக்கா தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாம்மா" என்றாள் பெரியம்மா. "சர்க்கரையைத் தேடித் தேடி அலுத்துட்டேன். கடைசியில பார்த்தா கட்டில்ல இருக்கு. தலையணை உறையில சுத்தி, நடுவுல சோப்பு வேற. எறும்பு வராது? பாவம், கடைசியில அவளுக்கு நினைவு தடுமாறிடுச்சு போல."

"தடுமாறல."

"சரி விடு. போய் உட்காரு. வந்தவங்களுக்கு டீ குடுத்துட்டு வர்றேன்."

"அது சர்க்கரை இல்ல பெரியம்மா."

"பின்ன? உப்பா?" பெரியம்மா விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"லேப்டாப்."

தையல்காரி அக்கா குழாயை மூடினாள்.

மேப்பு மேடைக்கு அடியிலிருந்து தராசை எடுத்து வைத்தாள். டப்பாவை வாங்கினாள். அதிலிருந்த சர்க்கரையைக் கிழிந்த பாக்கெட்டுக்குள் கவிழ்த்தாள். வாயை மடித்து ரப்பர் பேண்டு போட்டாள். மற்ற பாக்கெட்டையும் சோப்பையும் சேர்த்துத் தராசில் வைத்தாள். எடை கொஞ்சம் குறைவாக இருந்தது.

"டீயில போட்டுட்டீங்களா?"

"ரெண்டு கரண்டி. என்னடி இது, செத்த வீட்டுல வந்து தராசும் கையுமா..."

"இன்னும் கொஞ்சம் வேணும்."

"அப்போ டீ?"

"சர்க்கரை இல்லாம குடிக்கட்டும்."

"நல்ல பிடிவாதம் போ. யாரைக் கொண்டு பிறந்தியோ."

"முன்னறையில படுத்திருக்காங்களே, அவங்களைக் கொண்டுதான்."

பெரியம்மா மேப்புவின் முகத்தையும் தராசின் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அலமாரியின் மூலையிலிருந்து பழைய சர்க்கரை ஒட்டியிருந்த இன்னொரு டப்பாவை எடுத்து, கரண்டியால் சுரண்டிச் சுரண்டிப் பாக்கெட்டுக்குள் போட்டாள். எண் மெல்ல ஏறி, வேண்டிய இடத்தில் நின்றது.

"போதுமா?"

"போதும் பெரியம்மா."

"முகத்தைத் துடைச்சுக்க. போ."

மேப்பு மூட்டையை மறுபடி கட்டி எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். ஆட்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் பாதிப் பேர். ஓரமாக ஒரு டாக்சிக்காரர் அழுதுகொண்டிருந்தார். டீ வந்தது. முதல் வாய் குடித்ததும் ஒவ்வொருவர் முகமும் லேசாகச் சுருங்கியது. இந்த வீட்டில் துக்கத்துக்கு இப்படித்தான் போலும் என்று மரியாதையாக, மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். அம்மா பார்த்திருந்தால் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள்.

அப்பா அம்மாவின் கால்மாட்டில் ஒரு நாற்காலியில், தம்ளரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் துணிக்குள் அம்மாவின் வலது பாதம் சற்றே வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. எதையும் அழுத்தாமல் அந்தக் கால் இருந்து மேப்பு பார்த்ததில்லை.

பெரியப்பா காரிலிருந்து ஒரு கறுப்புப் பையைக் கொண்டுவந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பையைக் கீழே வைத்தபோது தரை சத்தம் போட்டது.

"தம்பி, இன்னைக்குக் குடுக்கிற பொருளில்லதான். ஆனா அடுத்த வாரம் புள்ளைக்குக் காலேஜ் திறக்குது. நான் திரும்ப எப்போ வர்றேனோ. எங்க ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட லேப்டாப்பு, நல்லா ஓடுது. நீ இந்த நேரத்துல செலவுன்னு அலைய வேணாம் பாரு."

அவர் குரலில் உண்மையான பாசம் இருந்தது. அதனால்தான் அதை மறுப்பது கஷ்டம்.

"சரிண்ணே" என்றார் அப்பா.

"படிப்புக்குத் தாராளமா போதும். அந்தக் கேம்ஸ் கண்றாவியெல்லாம் இதுல ஓடவே ஓடாது. அதைப் பார்த்துத்தான் எடுத்தேன்."

"சரிண்ணே." அப்பா நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "வாங்கிக்கம்மா."

அவ்வளவுதான். குனிந்து பையை எடுத்துக்கொண்டால் போதும். யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் தாமாகவே தீர்ந்துபோகும்.

மேப்பு குனியவில்லை.

"வேணாம் பெரியப்பா."

"ஏம்மா, பழசுன்னா?"

"பழசுன்னு இல்ல. எங்க மனசுல வேற ஒண்ணு இருக்கு. நானும் அம்மாவும் பார்த்து வச்சது."

"அம்மாவா?" பெரியப்பா தம்பியைப் பார்த்தார். "அவளுக்கு எதுக்கு லேப்டாப்பு?"

"கேம்ஸ் ஆட." குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. டாக்சிக்காரர் தலையைத் தூக்கினார். "கார் பந்தயம். தினமும் ஓட்டினாங்க பெரியப்பா. என்னைவிட வேகமா ஓட்டினாங்க. பிரேக்கே தொட மாட்டாங்க."

"என்ன பேச்சு இது, இந்த நேரத்துல? உங்கம்மா மேல போய்..."

"உண்மையைத்தான் சொல்றேன். இதுல அவங்களுக்கு என்ன அவமானம்?"

எங்கோ ஒரு தம்ளர் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"தெரியும்" என்றார் அப்பா.

பெரியப்பா அவர் பக்கம் திரும்பினார்.

"சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து கையை வச்சா அந்தக் கம்ப்யூட்டர் சுடும்ணே. அவ முகமும் நல்லா இருக்கும்." அப்பா அம்மாவின் பாதத்தைப் பார்த்தபடியே பேசினார். "சொல்லுவாங்க, சொல்லுவாங்கன்னு இருந்தேன். யாரும் சொல்லல."

அழுதால் கேட்க வேண்டிய வார்த்தை போய்விடும். அதை முழுங்கினால் அம்மா வண்டியில் ஏற மாட்டாள். மேப்பு கறுப்புப் பையைத் தாண்டிப் போய் அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். தலையணை உறை மூட்டையை அவர் மடியில் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"எடை. இவ்வளவுதான் இருக்கும். அம்மா வயித்து மேல வச்சுப் பார்த்து முடிவு பண்ணினது."

அப்பா அதை இரண்டு கைகளாலும் தூக்கிப் பார்த்தார். பல்செட்டை வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்ப்பதுபோல மெதுவாகத் திருப்பினார். உள்ளே சர்க்கரை சரிந்து ஒரு பக்கம் சேர்ந்தது. பெரியம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"அப்பா."

"சொல்லு."

"எனக்கு ஒரு லேப்டாப் வேணும்பா. படிப்புக்கும், கேம்ஸுக்கும்."

அப்பா மூட்டையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். அவர் மூச்சுக்கு அது மூன்று முறை மெல்ல ஏறி, இறங்கியது. நான்காவது முறையும்.