சாய்ந்த நடை

மாசிலாமணித் தண்டலை நான்கு பேர் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தபோது வடிவம்மாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். யார் என்று தெரிந்ததும் எழுந்திருக்கவில்லை. மிச்ச மீனையும் ஆய்ந்து, கழுவி, சட்டியில் போட்டு மூடிவிட்டுத்தான் எழுந்தாள். அதுவரை நான்கு பேரும் பலகையோடு வாசலை ஒட்டிய ஐந்தடிப் பாதையிலேயே நின்றார்கள்.

துறைமுகத்தில் தண்டல் என்றால் கூலிக் கும்பலுக்குத் தலைவன். காலையில் வரிசையாக நிற்கிறவர்களில் இன்றைக்கு யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று விரல் நீட்டிச் சொல்கிறவன். மாசிலாமணி இருபது வருஷம் அப்படி நீட்டியவர். இப்போது அந்த விரல்கள் பலகையின் விளிம்பைக் கவ்விக்கொண்டிருந்தன. செருப்பை எடுக்கக் குனிந்தவருக்கு இடுப்பு பூட்டிக்கொண்டதாம். ஆஸ்பத்திரி மாத்திரை கேட்கவில்லை. சீன வைத்தியர் ஒருவர் காலைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தார், அதிலிருந்து நிற்கவே முடியவில்லை. இதெல்லாம் அவர் மனைவி வள்ளியம்மா சொன்னது.

"வேற போக்கிடம் இல்லக்கா."

"இது யாரு வீடுன்னு தெரிஞ்சுதானே வந்தீங்க?"

வள்ளியம்மா தரையைப் பார்த்தாள். வடிவு பாயை உதறிப் போட்டாள்.

யாருடைய வீடு என்று அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரியும். வடிவின் புருஷன் தங்கராஜுவின் வீடு. எழுபத்துமூன்றில் தொங்கான் படகிலிருந்து கப்பலுக்கு ரப்பர் மூட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, மூட்டை இடுப்பில் விழுந்து அடிபட்டவன். அந்தக் கயிறு புரி புரியாகப் பிரிந்து நிற்கிறது என்று அன்று காலையிலேயே ராஜு தண்டலிடம் சொல்லியிருந்தான். இன்றைக்கு ஒரு நாள் ஓட்டுடா என்றார் தண்டல். ஓட்டினார்கள். ராஜுவை ஏற்றிய வண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள், முஸ்லிம் காக்காவின் டீக்கடையில் கிளாஸோடு நின்று தண்டல் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்: பய காலையிலேயே சம்சு சாராயம் அடித்திருந்தான், நிற்கக் கூடாத இடத்தில் நின்றான். பிறகு விசாரணையிலும் அதையேதான் சொன்னார்.

ராஜு குடிக்காதவன் இல்லை. சம்பள நாளில் கள்ளுக்கடைக்குப் போவான். அன்றைக்குக் குடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவன் இடது பக்கம் சாய்ந்து, வலது காலை இழுத்து இழுத்து நடந்தான். பத்தடி தூரத்தில் பார்க்கிறவனுக்கு அது குடிகாரன் நடைதான். தண்டல் வாயால் சொன்ன பொய்க்கு ராஜுவின் இடுப்பே சாட்சி சொன்னது மாதிரி ஆகிப்போனது. சந்துப் பிள்ளைகள் சம்சு ராஜு என்று கூப்பிட்டார்கள். ஆறு வருஷம் அந்தப் பேரோடு நடந்து, அந்தப் பேரோடேயே செத்தான்.

வடிவின் சுளுக்கெடுக்கும் கைவேலை அந்த ஆறு வருஷத்தில் வந்தது. ராஜுவை நிமிர்த்தப் பார்க்காத ஆள் இல்லை. எண்ணெய் போட்டு அமுக்கினார்கள், முட்டியால் இடித்தார்கள், இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று இழுத்தார்கள். எவ்வளவு நிமிர்த்தினார்களோ அவ்வளவு முறுக்கிக்கொண்டது. ஒரு நாள் அவன் சாரத்தை மாற்றிவிடும்போது வடிவு அலுத்துப்போய் அவன் சாய்கிற பக்கமே இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள். இரண்டு பேரும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கல்லாகக் கிடந்த சதை அவள் கைக்குள் பிசைந்த மாவு மாதிரி இளகிவிட்டது. ராஜு அப்படியே தூங்கிப் போனான்.

உடம்புக்குள் ஒரு ஜாகா உட்கார்ந்திருக்கிறான் என்பது வடிவின் கணக்கு. பாக்டரி வாசலில் காவலுக்கு இருக்கிற ஜாகா மாதிரி. அடிபட்ட இடத்துக்கு எவன் வந்தாலும் கேட்டை இழுத்துப் பூட்டிவிடுவான். தள்ளினால் இன்னும் இறுக்குவான். அவன் போகிற பக்கமே நாமும் போய், பேசாமல் கூட உட்கார்ந்தால், இது எதிரி இல்லை என்று தெரிந்து அவனே பூட்டைத் திறப்பான். திறந்த பிறகு அவசரப்படக் கூடாது. தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி உடம்பை மெல்ல மெல்ல நேருக்குக் கொண்டுவர வேண்டும். ராஜுவுக்கு எலும்பே நொறுங்கியிருந்ததால் நேராகவில்லை, வலி மட்டும் விட்டது. ஆனால் மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், தையல் மெஷினில் கழுத்து போனவர்கள் எல்லாரும் பிறகு வடிவைத் தேடி வந்து நேராகப் போனார்கள்.

தண்டலின் உடம்பு இடது பக்கமாகச் சுருண்டு கிடந்தது. வடிவு தொட்டதும் தெரிந்துகொண்டாள். எலும்பில் ஒன்றும் இல்லை. பயந்துபோன சதை, அவ்வளவுதான். இடது முட்டியை மடித்து நெஞ்சுப் பக்கம் கொண்டுபோனாள். இடுப்பை இடப்பக்கமே இன்னும் சாய்த்தாள். முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். கொஞ்ச நேரம் போனதும் தண்டலிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. முகத்தில் இருந்த சுருக்கம் எல்லாம் அவிழ்ந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த வள்ளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் வடிவு கேட்டாள். மீன் என்ன விலை என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு அன்னிக்கிக் குடிச்சிருந்தாரா தண்டல்?"

"பழசெல்லாம் இப்ப எதுக்கு வடிவு? குடிச்சிருந்தான். வாய நானே மோந்து பாத்தேன்."

அவள் உள்ளங்கைக்குக் கீழே சதை ஒரு துள்ளு துள்ளிப் பூட்டிக்கொண்டது. பிடிபட்ட மீன் துள்ளுகிற மாதிரி. வடிவு கையை எடுக்கவில்லை. பொய் என்று தெரிந்த விஷயம்தான். இப்போது அது கையிலேயே வந்து பட்டது.

நியாயமான வேலை என்றால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்து, அந்தத் துள்ளலும் அடங்கும்வரை காத்திருந்து, மெல்ல நேருக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். வடிவு அதைச் செய்யவில்லை. காலுக்குப் போகிற வலியை மட்டும் இளக்கிவிட்டாள். இடுப்பை அது சாய்ந்த இடத்திலேயே விட்டாள். அக்குளில் கைகொடுத்து எழுப்பி நிறுத்தினாள்.

தண்டல் நின்றார். வள்ளியம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். அவர் ஓர் அடி வைத்தார், இன்னோர் அடி வைத்தார். இடது பக்கம் சாய்ந்து, வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. வடிவு சுவரில் சாய்ந்து அந்த நடையைப் பார்த்தாள். ராஜு நடந்த நடை, ஒரு மாற்றம் இல்லை.

மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னாள்.

"காக்கா கடையில நின்னுதானே சொன்னீங்க. அதே கடையில நின்னு மாத்திச் சொல்லுங்க. சொன்னா நிமித்தி விடுறேன்."

"செத்துப் போனவனுக்கு அது எதுக்கு?"

"அவருக்கு இல்ல. எனக்கு."

தண்டல் வாசல் பக்கம் திரும்பினார். சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்.

அவர் வாழ்க்கையில் சொட்டு சாராயம் தொட்டதில்லை. அதில் அவருக்குப் பெருமை. கோயில் தலைவராக இருந்து, வாயில் வாடை அடிக்கிற எவனும் படி மிதிக்கக் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான். அந்த வெள்ளிக்கிழமை தீர்த்தம் வாங்கப் போனவர் சாய்ந்த சாய்வில் ஐயர் கையிலிருந்த பாத்திரத்தைத் தட்டிவிட்டார். பின்னால் நின்றவர்கள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். அடுத்த வெள்ளி பரிவட்டத்தை வேறொருவர் தலையில் கட்டினார்கள். கடைத்தெருவில் அவர் வந்தால் பெண்கள் பிள்ளைகளைப் பிடித்து இழுத்து வழி விட்டார்கள். இடுப்புவலி என்று வள்ளியம்மா வீடு வீடாகச் சொன்னாள். எல்லாக் குடிகாரன் பெண்டாட்டியும் அப்படித்தான் சொல்லுவாள் என்று அவள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். இதே வார்த்தையை வடிவும் ஒரு காலத்தில் தன் முதுகுக்குப் பின்னால் கேட்டிருக்கிறாள்.

பீச் ஸ்ட்ரீட்டில் பேங்கு கூட்டித் துடைக்கிற வேலை வடிவுக்கு. துடைப்பத்தோடு நிற்கும்போது இந்தச் செய்தியெல்லாம் அவளிடம் வந்து சேரும். ஒவ்வொன்றும் தேனாக இனித்தது. அன்றைக்கெல்லாம் இன்னொரு கைப்பிடி சோறு சேர்த்துச் சாப்பிட்டாள்.

கடைசியில் வள்ளியம்மா வந்து, நாளைக் காலையில் சொல்லப் போகிறார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

துறைமுகத்து ஆட்கள் வேலைக்குப் போகிறதுக்கு முன்னால் காக்கா கடையில் கூடுகிற நேரம். வடிவு உள்ளே போகவில்லை. ஐந்தடிப் பாதையில் தூண் ஓரமாக வாளியை வைத்துவிட்டு நின்றாள். தண்டல் சாய்ந்து சாய்ந்து வந்து, மேஜை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கராஜு அன்றைக்குக் குடிக்கவில்லை என்றார். கயிறு பழசு என்று அவன் சொன்னான், நான்தான் கேட்கவில்லை, பழியை அவன் மேல் போட்டேன் என்றார். நன்றாகத்தான் சொன்னார். ஒன்றையும் விழுங்கவில்லை.

கடை சிரித்தது.

"காலையிலேயேவா தண்டல்? இன்னும் கோழியே கூவல லா."

"அண்ணனுக்குப் பால் இல்லாம ஒரு தே ஓ கட்டியா போடு. தெளியட்டும்."

"ஏத்திக்கிட்டாத்தான் செத்தவன் ஞாபகமெல்லாம் வருது."

எட்டு வருஷமாக வடிவு காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. வந்து, குடிகாரன் உளறலாகச் சிமெண்டுத் தரையில் விழுந்து கிடந்தது. அப்படி விழவைத்தது அவள் கைதான். இந்த ஆளை நேராக நிறுத்தி அனுப்பியிருந்தால் நம்பியிருப்பார்கள். நேராக நின்றிருந்தால் அந்த ஆள் சொல்லியிருக்கவும் மாட்டான். பழி வாங்குகிற ருசியில் இந்த ஒன்றை அவள் யோசிக்கவே இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய்க் கத்தலாம். கத்தினால் சம்சு ராஜுவின் பெண்டாட்டி கத்துகிறாள் என்பார்கள்.

மூலை மேஜையிலிருந்து கமால் எழுந்தான். அன்றைக்கு மூட்டை தூக்கும் விஞ்சு ஓட்டினவன் அவன்தான். பழி ராஜு மேல் போகாவிட்டால் தன் மேல் வரும் என்று எட்டு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தவன். நேரே தண்டலிடம் வந்தான். அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, வாய்க்கு அருகே மூக்கை வைத்து இழுத்து மோந்தான். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"காப்பி வாடை. வேற ஒண்ணும் இல்ல," என்றான். "யாருக்கு வேணுமோ வந்து மோந்துக்கங்க."

ஒருவரும் எழவில்லை.

"ராஜுவைத் தூக்கினப்ப அவன் தலை என் மடியிலதான் கெடந்துச்சு. வண்டியில ஏத்துறவரைக்கும் எவனும் கிட்ட வந்து மோந்து பாக்கல. இந்த ஆளும் பாக்கல. கயிறு நைஞ்சு போயிருந்தது எனக்கும் தெரியும். நடையப் பாத்துக் குடிகாரன்னு சொன்னோம். இந்தா, இதுவும் அதே நடைதான். இந்த ஆளும் குடிக்கல."

கடைக்காரர் டீ ஆற்றுகிறதை நிறுத்திவிட்டார். வயசானவர் ஒருவர், ராஜுவோடு ஒரே கும்பலில் மூட்டை தூக்கினவர், வாசலுக்கு வெளியே நிற்கிற வடிவைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

தண்டல் தூண் தூணாகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மூச்சு வாங்கியது.

"சொல்லிட்டேன் வடிவு."

"கேட்டேன்."

"எப்ப வரட்டும்?"

வடிவு அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தோள் ஒரு பக்கம் இறங்கி, கால் ஒரு பக்கம் விலகி நின்றார். கோயிலில் இனி வருகிற கூட்டமெல்லாம் தீபாவளிக் கூட்டம். ஊர் முழுக்கப் புதுத்துணி கட்டிக்கொண்டு வரும்.

"தீபாவளி கழியட்டும்."

"அதுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே. சொன்னா நிமித்தி விடுறேன்னு சொன்னியே."

"விடுறேன். என்னிக்கின்னு நான் சொல்லல." வாளியை எடுத்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரரு இப்படியே ஆறு தீபாவளி பாத்தாரு. நீங்க ஒண்ணு பாருங்க."

பீச் ஸ்ட்ரீட் பக்கம் நடந்தாள். சீண்ட ஆள் இல்லாமல் விட்டால் தண்டல் உடம்பில் இருக்கிற அந்த ஜாகா அதற்குள் அலுத்துப்போய்த் தானாகவே பூட்டைத் திறந்தாலும் திறப்பான் என்று அவளுக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை.