மூன்றாவது வேண்டாம்

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வட பக்கத்தில், யாராவது ஒன்றைக் கொடுத்தால் உடனே கை நீட்டிவிடக் கூடாது. இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவையும் கேட்டால், தலையைச் சொறிந்துகொண்டே வாங்கிக்கொள்ளலாம். காபிக்கும் இதே கணக்குத்தான், சிறுநீரகத்துக்கும் இதே கணக்குத்தான்.

லெலண்ட் தன் சிறுநீரகங்களில் ஒன்றைத் தருவதாகச் சொன்னபோது, இரண்டுமே பழுதாகிப்போன அண்ணன் வெண்டல் மாட்டுக் கொட்டகையில் நின்றபடி இரண்டு தடவை, "அதெல்லாம் எதுக்குடா" என்றார். மூன்றாவது தடவை, "உனக்குச் சிரமம் இல்லைன்னா சரி" என்றார். கல்யாணம் கட்டாமலே ஒரே வீட்டில் கிழடு தட்டிப்போன இரண்டு பேர். அதற்கு மேல் பேச்சு இல்லை.

பரிசோதனையில் எல்லாம் பொருந்தியது, லெலண்டின் தொந்தியைத் தவிர. "எடையில முப்பது பவுண்டு குறைச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் கத்தியைத் தொட மாட்டேன்" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணனோ இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்துதான் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். வாரத்துக்கு வாரம் முகம் வெளுத்தது.

லெலண்ட் அன்றே வெண்ணெய் ரொட்டியை விட்டு ஓட்ஸ் கஞ்சிக்கு மாறினார். பெரிய தட்டுகளை அலமாரியின் உச்சிக்கு ஏற்றினார். சின்னத் தட்டில் பாதிக்கு முட்டைக்கோஸும் காரட்டும் வைத்துக்கொண்டு, தண்டனைக் கைதியைப் போல மென்றார். தினமும் கடைத்தெரு வரை நடப்பது என்றும் முடிவு செய்தார்.

அங்கேதான் வந்தது வினை. பனிக்காலத்தில் அந்தச் சாலையில் ஒருவன் நடந்து போனால், வண்டி பழுதாகி நடுவழியில் நிற்கிறது என்றுதான் அர்த்தம். முதல் நாளே ஒரு பிக்கப் வண்டி பக்கத்தில் வந்து நின்றது.

"ஏறுங்க."

"வேண்டாம்ப்பா, நடந்துக்கிறேன்."

"அட, ஏறுங்கன்னா."

"பரவாயில்லப்பா."

"இந்தக் குளிர்லயா? வெறச்சிப் போயிடுவீங்க, ஏறுங்க!"

மூன்றாயிற்று. இனியும் மறுத்தால் அவன் முகத்தில் அடித்த மாதிரி. லெலண்ட் ஏறினார். ஏறியவரைச் சும்மா விடுவார்களா? அவன் வீட்டில் காபி, காபியோடு சாக்லேட் கேக். இளைக்கப் போனவர் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தார். மறுநாள் வேறு சாலையில் போனார். அங்கேயும் நல்லவர்கள். நல்லவர்கள் இல்லாத சாலை அந்த வட்டாரத்திலேயே கிடையாது. மாதக் கடைசியில் எடை பார்த்தால் கூடியிருந்தது!

"முள்ளு எந்தப் பக்கம்டா போகுது?" என்றார் வெண்டல்.

"மெஷின் சரியில்லண்ணே."

"அதுக்கும் கேக் குடுத்திருப்பாங்க."

வெண்டல் சிரித்தார். சிரித்து முடிக்க மூச்சு போதவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார். லெலண்ட் ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

விஷயத்தை ஊரில் சொல்லித் தொலைக்கலாமே என்பீர்கள். அண்ணனுக்கு உறுப்பு தருகிறேன் என்று சொன்னால் அது தம்பட்டம். அந்த ஊரில் தம்பட்டக்காரனைவிடத் திருடனுக்கு மதிப்பு அதிகம். வெண்டலும் தன் சீக்கைப் பற்றி "கொஞ்சம் அசதி" என்பதற்கு மேல் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் விருந்து. வெண்டல் அசதி என்று வீட்டிலேயே படுத்துவிட்டார். பரிமாறுவது ஆர்டிஸ் அக்கா. அந்தச் சமையலறையில் போதகருக்கே அவர்தான் போதகர். உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் சீஸும் மணக்க மணக்க, பெரிய பாத்திரத்தோடு லெலண்டிடம் வந்தார்.

"நீட்டு தட்டை."

"வேண்டாங்க்கா."

"கொஞ்சூண்டு."

"வயிறு நெறஞ்சிருக்குக்கா."

"ஓரத்து முறுகலை உனக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்!" கரண்டி தட்டுக்கு மேலே வந்துவிட்டது.

லெலண்ட் தட்டைக் கையால் மூடினார். "வேண்டாம்."

மூன்றாவது வேண்டாம். அந்தக் கீழ்த்தளம் கட்டிய நாளிலிருந்து அங்கே யாரும் அதைக் கேட்டதில்லை. சூடான சீஸ் அவர் புறங்கையில் சொட்டியது. கையை அவர் எடுக்கவில்லை.

"என் சமையல்ல என்ன குறை?" என்றார் அக்கா.

"குறையே இல்லக்கா. இதைத் தின்னா எங்கண்ணன் செத்துப்போயிடுவாரு."

"அவன் தட்டுல நான் வைக்கவே இல்லையே!"

லெலண்ட் சொன்னார். சீக்கை, சிறுநீரகத்தை, முப்பது பவுண்டை, பிக்கப் வண்டிகளை, எல்லாவற்றையும் கொட்டினார். சொல்லச் சொல்லக் கண்ணீர் வந்தது. கூடியிருந்த அத்தனை பேரும் அவரவர் காபியைக் குனிந்து பார்த்தார்கள். வண்டியில் ஏற்றிக்கொண்டவர்களுக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை.

"அடப்பாவி," என்றார் ஆர்டிஸ். "இத்தனை நாளா ஊரே சேர்ந்து உனக்கு ஊட்டினப்போ வாயைத் திறக்க மாட்டியா?" பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனவர், அவித்த பீன்ஸோடு திரும்பி வந்தார். அதை அவர் ஒரு தடவைகூடக் கேட்டு வைக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு வண்டியும் நிற்கவில்லை. வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை வணக்கமாகத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள். லெலண்டின் பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டி வந்தது. அண்ணனைச் சிகிச்சைக்கு அழைத்துப் போய்வரும் வேலையை ஆர்டிஸ் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் ஆர்டிஸின் கார் லெலண்டின் பின்னாலேயே ஊர்ந்து வந்து, பக்கத்துக்கு வந்தது.

"உன்னை ஏத்திக்க வரல. நட, நட," என்றார்.

பக்கத்து இருக்கையில் கம்பளிக்குள் சுருண்டிருந்த வெண்டல் கண்ணாடியை இறக்கினார். "டேய், ஐஸைப் பாத்து காலை வைடா. விழுந்து கிழுந்து என் சொத்தை ஒடச்சிடாத."

"இன்னும் உங்க சொத்து இல்லண்ணே. என்கிட்டதான் இருக்கு."

"அதான் சொல்றேன்." வெண்டல் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "நீயும் முழுசா வந்து சேருடா."

கண்ணாடி சட்டென்று மேலே ஏறியது.