கைராசிக்காரி

"அந்தக் கைராசிக்கார சிஸ்டர் எப்ப வருவாங்க?" என்று ரத்தம் எடுக்கும் அறையின் வாசலில் ஒரு தாய் கேட்டாள். கைராசிக்காரர் உள்ளேதான் இருந்தார். காதில் விழாதது போல நிதானமாகக் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். இதே கேள்வியை இரண்டாம் முறையும் கேட்க வைத்துவிட்டுத்தான் வெளியே தலையைக் காட்டுவார். நிர்வாகம் தராத பதக்கத்தை மனுஷி தானாகத்தானே குத்திக்கொள்ள வேண்டும்?

குழந்தைகள் வார்டில் அவருக்குப் பெரிய சிஸ்டர் என்று பெயர். ஊசியைக் கண்டாலே ஊரைக் கூட்டும் பிள்ளைகள்கூட அவர் குத்தினால் அழுவதில்லை. காரணம் கேட்டால் "எல்லாம் மேல இருக்கிறவன் போட்டது" என்று அடக்கமாகச் சொல்வார். மேலே இருக்கிறவன் வேறு யாருக்கும் போடவில்லையே என்ற திருப்தி அந்த அடக்கத்துக்குள் வசதியாகக் கால் நீட்டிப் படுத்திருக்கும்.

ஆராய்ச்சியைப் பற்றி அவருக்குத் தெளிவான கருத்து உண்டு. அது டாக்டர்கள் பதவி உயர்வுக்காகச் செய்வது. நர்சுகள் அதற்கு ரத்தம் எடுத்துக் கொடுப்பது. ஆகவே, வார்டுக்குப் புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி தானே ஆராய்ச்சி செய்யப்போவதாகச் சொன்னபோது எல்லோரும் அவளுக்கு 'எம்.எஸ்சி' என்று பெயர் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

எம்.எஸ்சி விடவில்லை. "அக்கா, நீங்க ஊசி போடுறதை வீடியோ எடுக்கணும். பெத்தவங்க கிட்ட சம்மதம் வாங்கிட்டேன்."

பெரிய சிஸ்டரின் கை தானாகத் தலைமுடியை ஒதுக்கியது.

"மூஞ்சி வேணாம்க்கா. உங்க கையும் குழந்தையோட நெஞ்சும் போதும்."

கொஞ்சம் சுருக்கென்றது. ஆனாலும், கைராசிக்கு விஞ்ஞானமே வந்து முத்திரை குத்தப்போகிறதென்றால் மூஞ்சி தெரியாவிட்டால் என்ன?

சில வாரம் கழித்து, ஓய்வறையில் சாப்பாட்டு டப்பாக்களை ஒதுக்கிவிட்டு எம்.எஸ்சி மடிக்கணினியைத் திறந்தாள். படம் மிக மெதுவாக ஓடியது. நரம்பைத் தட்டும் விரல்கள் தெரிந்தன. அந்தத் தட்டில்தான் சூட்சுமம் என்று பெரிய சிஸ்டர் இத்தனை காலம் நம்பியிருந்தார். பிறகு ஊசி தோலருகே வந்து, நின்றது. குழந்தையின் நெஞ்சு விம்மி ஏறியது. ஊசி அசையவில்லை. நெஞ்சு தளர்ந்து இறங்கத் தொடங்கிய கணத்தில் உள்ளே போனது. அடுத்த குழந்தை, அதே நிறுத்தம். அதற்கடுத்ததும் அப்படியே.

"நான் எதுக்குடீ நிக்கிறேன்?"

"அவங்க மூச்சு விடக் காத்திருக்கீங்கக்கா."

"நானா? எனக்கே தெரியாதே!"

தன் வீட்டிலேயே வெகுகாலம் குடியிருந்த ஒருவரை முதல்முறையாக வாசலில் வைத்துப் பார்த்தவர் போல அவர் தன் வலது கையைப் பார்த்தார்.

"அதனாலதான் அழறதில்லையா?"

"தெரியலக்கா."

அந்த ஆஸ்பத்திரியில் இவ்வளவு வெட்கமில்லாமல் 'தெரியல' என்று ஒருவர் சொல்லி அவர் கேட்டதில்லை. பெரிய டாக்டருக்குக்கூடத் தெரியாதபோது 'பார்க்கலாம்' என்றுதான் வரும்.

"மத்தவங்களையும் காத்திருந்து போடச் சொல்லிப் பாக்கணும். பலிச்சா, அது உங்க ராசி இல்லை."

"பலிக்கலைன்னா?"

"அப்பவும் ராசின்னு சொல்லிட முடியாதுக்கா. வேற காரணம் தேடணும்."

ஆக, எந்தப் பக்கம் விழுந்தாலும் ராசி போச்சு.

மறுநாள் காலை பெரிய சிஸ்டர் ஒரு பையனின் நெஞ்சையே உற்றுப் பார்த்தார். அவன் அவரை உற்றுப் பார்த்தான். அவன் மூச்சை எண்ணப் போய்த் தன் மூச்சை விட மறந்தார். ஊசி தடுமாறியது, நரம்பு நழுவியது, பையன் கூரை பறக்க அலறினான். வெளியே அவன் அம்மா யாரிடமோ விசாரித்தாள்: "ஏங்க, அந்தக் கைராசிக்கார சிஸ்டர் இன்னைக்கு லீவா?"

மத்தியானம் அவர் எம்.எஸ்சியைப் பிடித்துக்கொண்டார். "என் வீடியோவை அழிச்சிடு. இருந்ததையும் கெடுத்துட்டியேடீ."

"அழிக்கச் சொன்னா அழிச்சிடறேன்க்கா. அது உங்க உரிமை. ஷிப்ட் முடியற நாலு மணிக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க."

சண்டை போடவும் முடியாமல், சண்டைக்கென்று இடுப்பில் சொருகிய முந்தானையை அவிழ்க்கவும் முடியாமல் நின்றார். இத்தனை வருஷ வேலையில் 'உங்க உரிமை' என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

அன்று கடைசியாக வந்த சிறுமிக்கு ரத்தம் எடுக்க வேண்டியவள், அன்று காலையில்தான் எம்.எஸ்சியிடம் காத்திருந்து குத்தப் பயிற்சி பெற்ற நர்ஸ். வார்டில் அவள் பெயர் குத்தூசி. அவள் வருவது தெரிந்தால் பிள்ளைகள் கட்டிலுக்கடியில் போய்விடும். சிறுமியின் முழங்கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. பெரிய சிஸ்டர் பிடித்தார். அழட்டும், என்று மனத்தின் ஒரு மூலை சொன்னது. அந்த மூலையை அவரே முறைத்தார்.

குத்தூசி நரம்பைத் தட்டிப் பார்த்தாள். ஊசி தோலருகே வந்து நின்றது. சிறுமி மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டாள். அறையில் எல்லோரும் அடக்கிக்கொண்டார்கள். பிறகு அந்தச் சின்ன நெஞ்சு, கையில் இருந்த எதையோ மெல்லக் கீழே வைப்பது போல, தாழ்ந்தது.

சிறுமி மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "எப்ப குத்துவீங்க?"

குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

"அக்கா... நானா குத்தினேன்?" என்றாள் குத்தூசி. அவள் கண் நிறைந்துவிட்டது.

"ஒரு குழந்தையை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது," என்றாள் எம்.எஸ்சி. ஆனால் அவள் குரலும் சரியாக இல்லை. சற்றுப் பொறுத்து, "அக்கா, அந்த வீடியோ..." என்று ஆரம்பித்தாள்.

"அது இருக்கட்டும், சும்மா இருடீ. குழந்தை மூச்சு விடுது."

பஞ்சை அழுத்திக் கட்டிவிட்டுப் பெரிய சிஸ்டர் வெளியே வந்தார். நடைபாதை நிறைய ஆட்கள். பெஞ்சில் வாய் திறந்து தூங்கும் ஒரு மனிதர். மருந்துச் சீட்டை விசிறியாக்கி வீசிக்கொண்டிருக்கும் கர்ப்பிணி. தோளில் பச்சைக் குழந்தையைச் சாய்த்தபடி சுவரோரம் நிற்கும் ஒரு தகப்பன். ஒவ்வொரு நெஞ்சும் ஏறியது, ஒரு நொடி நின்றது, இறங்கியது. யாருக்கும் அது தெரியவில்லை. ஆட்கள் இடித்துக்கொண்டு போவதைப் பொருட்படுத்தாமல் அவர் நடுவழியில் நின்றுவிட்டார். தகப்பனின் தோளில் அந்தக் குழந்தையின் உள்ளங்கை அகல முதுகு மேலே எழும்பி, அங்கேயே கொஞ்சம் தங்கியது.