கிருசாந்தியின் செவ்வாய்க்கிழமை

செவ்வாய்க்கிழமை இரவுகளில் தக்சாயினி பாண் தின்றாள். பட்டர் பூசி, மேலே ஒரு துண்டு சீஸ் வைத்து, பிடிவாதத்தோடு தின்றாள். மற்ற நாட்களில் அவளுக்குச் சுடச்சுடச் சோறோ புட்டோ கிடைத்தது. செவ்வாயில் மட்டும் அடுப்பைத் தொடமாட்டாள். அந்த நாள் கிருசாந்தியுடையது. கிருசாந்தியோ டோர்ட்மண்டில் இருந்தாள்.

ஜெர்மனியின் வுப்பர்டாலில், ஏறினால் மூச்சு வாங்கும் ஒரு தெருவில், நாலு வீட்டுக்காரர் சேர்ந்து ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். வேலையால் களைத்து வந்து ஒவ்வொருவரும் தனித்தனியே அடுப்போடு மல்லுக்கட்டுவானேன்? ஒரு நாள் ஒருவர் எல்லாருக்குமாகச் சமைப்பது, ஆறரை மணிக்கு மற்றவர்கள் சட்டியோடு வந்து வாங்கிப் போவது. திங்கள் தக்சாயினி. செவ்வாய் கிருசாந்தி, அவள் மரக்கறி மட்டுமே தின்பவள் என்பதால் விரத நாளை அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். புதன், பஸ் ஓட்டும் லோறன்ஸ் அண்ணையும் அவர் மனைவி கொறற்றி அக்காவும். மன்னார்க்காரர், மீன் இல்லாமல் அவர்களுக்குப் புதன்கிழமை விடியாது. வியாழன் நித்தியானந்தன். அவனுடைய பருப்புக்கறியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவதுதான் அவனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. வெள்ளிக்கிழமை அவரவர் பாடு.

இது ஊருக்குச் சொல்லும் கணக்கு. உண்மையில் திங்களும் செவ்வாயும் இருவருடையவை. இருவரும் ஒரே கட்டடம்; தக்சாயினி மூன்றாம் மாடி, கிருசாந்தி முதலாம் மாடி. திங்களில் இவள் வீட்டுக்கு அவள் ஏறி வருவாள். செவ்வாயில் அவள் வீட்டுக்கு இவள் இறங்கிப் போவாள். செவ்வாய் என்றால் இடியப்பம். கிருசாந்தி ஒருமுறை பனியில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து பொருந்தியது; இடியப்ப உரலை அழுத்த ஏலாது. மாவைக் குழைப்பது அவள், பிழிவது இவள், தட்டுகளை அவியவைத்து எடுப்பது மறுபடி அவள். தேங்காய்ப்பால் சொதி ஒரு பக்கம் கொதித்துக்கொண்டிருக்கும். யன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெளியே தெரு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

புருசன் வேறொருத்தியோடு போய்விட்டான் என்பதைத் தக்சாயினி முதன்முதலில் வாய் திறந்து சொன்னது அந்த அடுப்படியில்தான். கிருசாந்தி ஐயோ என்று கத்தவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. "மா ஆறுது, பிழி" என்றாள். தக்சாயினி பிழிந்தாள். அன்றைக்கு இடியப்பம் கயிறுகயிறாக வந்தது. நாலு வீட்டாரும் ஒரு குறையும் சொல்லாமல் அதைச் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு வாழ்க்கையில் எது குறைந்தாலும், கிழமையில் அந்த இரண்டு மாலைப்பொழுதுகள் குறையவில்லை.

பிறகு கிருசாந்தி வேலை செய்த மூக்குக்கண்ணாடிப் பட்டறையை முதலாளி டோர்ட்மண்டுக்கு மாற்றினார். கொஞ்சக் காலம் ரயிலில் போய்வந்து பார்த்தாள். ரயில் வரும் நாளில் இடம் இருக்காது, இடம் இருக்கும் நாளில் ரயில் வராது. கடைசியில் அங்கேயே ஒரு சின்ன வீடு எடுத்தாள்.

"ஒரு வருசம் பாப்பம்" என்றாள், பெட்டிகளைக் கட்டிக்கொண்டே. "என்ரை செவ்வாய்க்கிழமையை ஒருத்தருக்கும் குடுத்திடாதை, சொல்லிப்போட்டன்!"

சொன்னவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். கேட்டவள் சிரிப்பை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

வருடம் ஒன்று முடிந்தது. முதலில் தினம் வந்த தொலைபேசி அழைப்புகள் கிழமைக்கொன்றாகி, பிறகு 'வேலை கூட, பிறகு கதைக்கிறன்' என்ற குறுஞ்செய்திகளாகிவிட்டன. கிருசாந்தி இருந்த வீட்டுக்குப் பிரவீணனும் ஆதிரையும் வந்தார்கள். இளம் சோடி, கண்டால் சிரிக்கும் பிள்ளைகள். அவர்களும் இந்த முறைச் சமையலில் சேர ஆசைப்பட்டார்கள். ஒரு புதன்கிழமை, மீன்கறியை அள்ளிப் போட்டுக்கொண்டே லோறன்ஸ் அண்ணை கதையை எடுத்தார்.

"பிள்ளை, செவ்வாய் சும்மாதானே கிடக்கு. அந்தப் பிள்ளையளுக்குக் குடுப்பமே?"

"அவள் வருவாள் அண்ணை."

"வாறாளோ எண்டு கேட்டனீரோ?"

தக்சாயினி சட்டியின் மூடியை இறுக்கினாள். அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயத்தில்தான் கேட்கவில்லை.

"வாற கிழமைக்குள்ளை கேட்டுச் சொல்லும். ஆதிரை இரண்டு தரம் கேட்டிட்டாள். எனக்கும் செவ்வாயிலை பாண் திண்டு அலுத்துப்போச்சு" என்றார் அண்ணை.

"ரெலிபோனிலை கேக்கிறதுதானே" என்றார் கொறற்றி அக்கா.

"இல்லையக்கா. நேரை போய்க் கேக்கிறன்."

அடுத்த செவ்வாய், தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் பாதிநாள் லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறினாள். கிருசாந்திக்குச் சொல்லவில்லை. பெற்ற தாயைப் பார்ப்பதற்கும் முன்கூட்டியே நேரம் கேட்டு டெர்மின் எடுக்கிற நாடு இது. தெரியாதவளா அவள்? ஆனால் கிருசாந்தியிடம் போக அவள் ஒருநாளும் டெர்மின் எடுத்ததில்லை. டோர்ட்மண்டும் முதலாம் மாடிக்குக் கொஞ்சம் கீழே இருப்பதாக அவள் கால்கள் நினைத்துவிட்டன போலும்.

ரயிலில் யன்னலோரம் இருந்து, கேட்க வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். 'நீ வா. வேலைக்கு நான் வழி பாக்கிறன். என்ரை வீட்டிலையே இரு.' கிருசாந்தி கதவைத் திறப்பாள், மேசையில் அவளும் பாணும் பட்டரும் வைத்திருப்பாள், இவளைக் கண்டதும் அழுவாள். அவளும் தன்னைப்போலவே பாண் தின்றுகொண்டிருக்க வேண்டும் என்று தக்சாயினி வெட்கமில்லாமல் ஆசைப்பட்டாள். அந்த ஆசை தப்பு என்றும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஹாகன் நிலையம் தாண்டும் வரை அதை விடவில்லை.

மாடிப்படியிலேயே மணம் வந்தது. வறுத்த மாவின் மணம், சொதியில் போட்ட வெந்தயத்தின் மணம். தக்சாயினியின் மனம் துள்ளியது. பார், செவ்வாயை இவளும் விடவில்லை! மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்த கிருசாந்தியின் கையெல்லாம் மா. "தக்சா! என்னடி, சொல்லாமல் கொள்ளாமல்! வா, வா, உள்ளை வா."

உள்ளே, அடுப்படியில், உயரமான ஒரு ஜெர்மன்காரி நின்று இடியப்ப உரலை அழுத்திக்கொண்டிருந்தாள். கை நல்ல பலம். மா நூல்நூலாக, ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்குத் தடங்கலில்லாமல் விழுந்தது.

"இது லாரா. என்னோடை வேலை செய்யிறவள்" என்றாள் கிருசாந்தி. பிறகு லாராவிடம் ஜெர்மனில், "என் வுப்பர்டால் சிநேகிதி" என்றாள். லாரா உரலை விடாமல் தலையை ஆட்டிச் சிரித்தாள். "இஞ்சையும் நாங்கள் முறை வைச்சிருக்கிறம், தக்சா. லாரா, கீழ்வீட்டுத் துருக்கிக்காரக் குடும்பம், பென்ஜமின் எண்டு ஒரு மன்னார்ப் பெடியன். இண்டைக்கு என்ரை முறை."

"செவ்வாயோ?"

"செவ்வாய்தான். பழகிப்போச்செல்லோ."

தக்சாயினி ஜாக்கெட்டைக் கழற்றினாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்படிக்குள் கால் வைத்தாள். "தா, நான் பிழியிறன்."

"ஐயோ, உனக்கேன் கரைச்சல்? இவ்வளவு தூரம் வந்து களைச்சுப்போயிருப்பாய். போய் இரு. தேத்தண்ணி கொண்டாறன்."

எவ்வளவு அன்பாகச் சொன்னாள்! அந்த அன்புதான் சுட்டது. தக்சாயினி மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு முன்னறைச் சோபாவில் போய் உட்கார்ந்தாள். தேநீர் வந்தது, கீழே தட்டு வைத்த கோப்பையில். பக்கத்தில் இன்னொரு தட்டில் பிஸ்கட். கிருசாந்தி வீட்டில் கோப்பைக்குத் தட்டு இருப்பதை அவள் அன்றைக்குத்தான் கண்டாள். இத்தனை வருடம் அடுப்படி மேடையில் சாய்ந்து நின்று, கிடைத்த கோப்பையில் குடித்தவளுக்கு அந்தத் தட்டை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

"சீனி காணுமோ, இன்னும் போடட்டே?" என்று கிருசாந்தி கேட்டாள்.

"காணும்."

உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில், "கெட்டியாப் பிடியடி, அங்கை பார் வழியுது!" என்று தமிழிலும் ஜெர்மனிலுமாக லாராவை அதட்டும் சத்தம் கேட்டது. லாரா விழுந்து விழுந்து சிரித்தாள். தனக்கு வேண்டியவர்களைத்தான் கிருசாந்தி அதட்டுவாள். வந்தவர்களிடம் சீனி காணுமோ என்று கேட்பாள். தக்சாயினி பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கடித்தாள், கையில் ஏதாவது இருக்க வேண்டுமே என்று.

ஆறரைக்கு ஆட்கள் வந்தார்கள். சட்டியை நீட்டினார்கள், நிரப்பினார்கள், கதவடியில் நின்று இரண்டு வார்த்தை பேசினார்கள், போனார்கள். யாரையும் கிருசாந்தி இருக்கச் சொல்லவில்லை. லாராவும் தன் பங்கை எடுத்துக்கொண்டு, தக்சாயினிக்குக் கை கொடுத்துவிட்டு இறங்கினாள். அதன் பிறகு கிருசாந்தி மேசையில் ஒரே ஒரு தட்டை வைத்து, பக்கத்தில் நின்று பரிமாறினாள்.

"இன்னும் ரெண்டு வைக்கட்டே?"

"காணும், சாந்தி. நீயும் இரு. ஒண்டு கேக்கவேணும்."

கிருசாந்தி உட்கார்ந்தாள்.

"நீ திரும்பி வருவியோ?"

"எங்கை?"

"வீட்டை. உன்ரை செவ்வாய்க்கிழமை அப்பிடியே கிடக்கு. நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை."

கிருசாந்திக்குச் சிரிப்பு வந்தது. எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. "ஒரு வருசமாயோ? அப்ப செவ்வாயிலை என்ன சாப்பிடுறனி?"

"பாண்."

"நான் பகிடிக்கெல்லோ சொன்னனான், தக்சா."

"தெரியும்."

தெரியும்தான். தெரிந்துகொண்டேதான் வருடம் முழுக்க வைத்திருந்தாள். கிருசாந்தி மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"வந்த புதுசிலை ஒவ்வொரு செவ்வாயும் அழுதனான். மாவைக் குழைச்சுப்போட்டு, பிழிய ஏலாமல், அப்பிடியே கொட்டினன். ஒருநாள் லாரா பாத்திட்டு, தான் பிழியிறன் எண்டாள். அப்பிடித்தான் துவங்கினது. உனக்குச் சொல்லேல்லை. எப்பிடிச் சொல்லுறது? உன்ரை இடத்திலை இன்னொருத்தி நிக்கிறாள் எண்டோ?" நிமிர்ந்து தக்சாயினியைப் பார்த்தாள். "நான் வரமாட்டன், தக்சா. எனக்கு இஞ்சை பிடிச்சுப்போச்சு. பொய் சொல்லி உன்னை இன்னும் காக்கவைக்க ஏலாது."

தக்சாயினி எதிர்பார்த்து வந்த அழுகை நடந்திருக்கிறது. அவள் இல்லாத நேரத்தில் நடந்து, முடிந்தும் போயிருக்கிறது. அது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. இவள் அழுது தீர்த்துவிட்டாள். நான்தான் அழாமல் சேர்த்து வைத்துவிட்டேன் என்று நினைத்தாள். தட்டில் மிச்சம் இருந்ததைச் சொதியில் பிசைந்து ஒரு வாய் விடாமல் சாப்பிட்டாள்.

கிருசாந்தி ரயில் நிலையம் வரை வந்தாள். கையில் ஒரு பொட்டலம் கொடுத்தாள், வழியில் சாப்பிட. மேடையில் இருவரும் இறுகக் கட்டிக்கொண்டார்கள். "அடிக்கடி வா, என்ன? வரமுதல் ஒரு ரெலிபோன் எடு. வடிவாச் சமைச்சு வைக்கிறன்" என்றாள் கிருசாந்தி. தக்சாயினி ஓம் என்றாள். முன்பெல்லாம் இவள் தனக்காக வடிவாகச் சமைத்ததே இல்லை என்று அவளுக்கு நினைவு வந்தது. ரயில் புறப்பட்ட பிறகு, எதிரில் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க, ஒரு வருடத்து அழுகையையும் அழுதாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு லோறன்ஸ் அண்ணைக்கு ரெலிபோன் அடித்தாள்.

"அண்ணை, அவள் வரமாட்டாளாம்."

"ம்" என்றார் அவர். அவருக்கு அது முன்பே தெரியும் என்பது அந்த 'ம்'மில் இருந்தது. "சாப்பிட்டனீரோ?"

"ஓம்."

"அப்ப பிரவீணன் ஆக்களுக்குச் செவ்வாய் எண்டு சொல்லிவிடட்டே?"

"இல்லை அண்ணை. அவைக்கு என்ரை திங்களைக் குடுங்கோ. செவ்வாய் நான் சமைக்கிறன்."

"எந்தக் கிழமையெண்டால் என்ன பிள்ளை? எல்லாம் ஒரே அடுப்புத்தானே. திங்கள் உமக்கு என்ன செய்தது?"

"ஒண்டும் செய்யேல்லை." சொல்லாமல் விடத்தான் பார்த்தாள். முடியவில்லை. "அவள் அங்கை செவ்வாயிலைதான் சமைக்கிறாள், அண்ணை. அவள் அடுப்படியிலை நிக்கிற நேரம் நானும் நிக்கவேணும்."

லோறன்ஸ் அண்ணைக்குப் பக்கத்தில் கொறற்றி அக்கா என்னவாம், என்னவாம் என்று கேட்பது கேட்டது.

"சரி பிள்ளை" என்றார் அவர். "செவ்வாய் உம்முடையது."