கோணல்கால் ஒன்பதாம் நம்பர்

வீட்டைக் கூட்டும்போது காலடியில் 'மளுக்'கென்றது. குனிந்து பார்த்தவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். விரலால் சுண்டி ஆடுகிற கணவரின் மேசைக் கால்பந்து பொம்மைகளில் ஒன்பதாம் நம்பர்க்காரன், கட்டைவிரல் உயர ஆள், இரண்டு காலும் முறிந்து கிடந்தான். காலையில் தரையில் பயிற்சி செய்த மனுஷர் இவனை எடுத்து வைக்க மறந்திருக்கிறார். போயும் போயும் இவன்தானா? அந்த அணியிலேயே கோல் போடத் தெரிந்தவன் இவன் ஒருத்தன். சாயங்காலம் மன்றத்தில் இறுதிப் போட்டி. எதிரே உட்காரப்போவது அவளுடைய சொந்த அண்ணன். வருஷா வருஷம் மச்சானிடம் தோற்றுவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வார் இவர்.

அவள் பல்செட் செய்கிறவள். பொம்மையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வேலைக்கு ஓடினாள். பல் செய்கிற தூளைக் குழைத்து, உள்ளே மெல்லிய கம்பி வைத்து, புதுக்கால் கட்டி, அடியிலுள்ள வட்டில் பொருத்தினாள். காலுறைக்குச் சிவப்புச் சாயமும் பூசினாள். நிறுத்திப் பார்த்தால் ஆள் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறான்! முன்பல்லை ஒரு துளி சாய்த்து வைத்தால்தான் சிரிப்பு இயல்பாக இருக்கும். பாழாய்ப்போன கை அதே பழக்கத்தில் காலையும் சாய்த்துவிட்டது. அதற்குள் எல்லாம் கல்லாக இறுகியிருந்தது.

மன்றத்து வாசலில் மென்று விழுங்கிச் சொன்னாள்.

“என்னங்க, இவன நான் மிதிச்சிட்டேன். சரி பண்ணிருக்கேன், ஆனா கோணலா நிக்கிறான்.”

அவர் முகம் வாடிப்போனது. “விடு. இவன் நேரா நின்னப்ப மட்டும் நான் என்ன கிழிச்சேன்” என்றார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆட்டம் சமநிலையில் கடைசி நிமிஷத்துக்கு வந்தது. பந்துக்கு முன்னால் அண்ணனின் தடுப்பாட்டக்காரன் மலை மாதிரி நின்றான். நேராகச் சுண்டினால் கோணல்காலன் அவன்மேல்தான் முட்டுவான்.

“நொண்டிய வச்சு என்ன பண்ணுவீங்க மாப்ளே?” என்றார் அண்ணன்.

கணவர் விரலை மடக்கிச் சுண்டினார். கோணல்காலன் சறுக்கிக்கொண்டு போனான். பாதி வழியில் சாய்ந்த பக்கமாகவே வளைந்தான். தடுப்பாட்டக்காரனைச் சுற்றிப்போய்ப் பந்தைத் தட்டினான். பந்து வலைக்குள் விழுந்தது.

“இது செல்லாது. அதெப்படி வளைஞ்சு போவான்?” என்று அண்ணன் எகிறினார்.

நடுவர் பொம்மையைப் புரட்டிப் பார்த்தார். “வட்டு விதிப்படிதான் இருக்கு. ஆளும் தானா நிக்கிறான். கோல்தான்.”

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. கணவருக்கோ வாயெல்லாம் பல். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர், பெட்டியிலிருந்த மொத்த அணியையும் அவள் மடியில் கொட்டினார்.

“மிச்சப் பேரையும் ஒரு மிதி மிதிச்சுக் குடேன்.”