பாறை வந்த வழி

தொம்மலூர் அலுவலகத்தில் சோனியாவின் கணினித் திரையில் ஓர் இமயமலை அடிவாரம் ஆபத்துச் சிவப்பாய்க் கிடந்தது. மலையை விட்டிறங்கும் ஓடை விசிறிபோல் மண்ணைப் பரப்பி உண்டாக்கிய நிலம் அது. பெருமழை பெய்தால் சேறும் கல்லும் அங்கே எதுவரை பாயும் என்று கணக்கிடுவது அவள் வேலை. வாடிக்கையாளர் அங்கே கட்டப்போகும் விடுதி சிவப்புக்கு நட்டநடுவில் இருந்தது.

"சேறு வேண்டாம்மா, வெறும் தண்ணின்னு போட்டு ரன் பண்ணு. சிவப்பு தானா சுருங்கிடும்," என்றார் மேலாளர் அனந்தபத்மநாபன்.

சோனியா நேரில் போய் எடுத்துவந்த படத்தைத் திறந்தாள். விடுதியின் சமையலறை வரவேண்டிய இடத்தில் ஆட்டோ அளவுக்கு ஒரு பாறை உட்கார்ந்திருந்தது.

"இத்த வெறும் தண்ணியா சார் தூக்கினு வந்துச்சு?"

"அதையெல்லாம் வெடி வெச்சு எடுத்துடுவாங்க."

"பாறைய எடுத்துடுவாங்க. அது வந்த வழிய?"

அவர் முகம் கடுத்தது. "நீ பண்ணலேன்னா வேற ஆள் பண்ணுவாங்க."

"பண்ணட்டும் சார். ரிப்போர்ட்ல என் பேர எடுத்துட்டு உங்க பேர போட்டுக்குங்க. அப்புறம் ஜூலை மழையில குடும்பத்தோட அங்கயே ரூம் போட்டுத் தங்குங்க."