உன்னிச்சைப் பல்கலைக்கழகம்

மட்டக்களப்பு அரசாங்கக் கச்சேரியின் மொழிபெயர்ப்பாளர் பஸ்தியாம்பிள்ளைக்கு 1966ஆம் ஆண்டு ஆடி மாதம் காதில் சீழ் பிடித்தது. அதனால்தான் அவருக்குப் பதிலாக ஏறாவூர் ஆதம்பாவா மாஸ்டர் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியருக்குப் பக்கத்தில் அரசாங்க ஜீப்பில் ஏறி உட்கார நேர்ந்தது. மாஸ்டர் இருபத்தாறு வருடமாக ஆங்கிலம் படிப்பிப்பவர். ஆனால் அதற்கு முன் ஒரு வெள்ளைக்காரருடன் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

பேராசிரியரின் பெயர் ஹால்வொர்சன். வடக்கே ஒரு குளிர்நாட்டிலிருந்து வந்திருந்தார். அந்தப் பக்கத்து நாடுகள் சில சேர்ந்து, மற்ற நாடுகளின் உயர்கல்விக்கு உதவ ஒரு நிதியம் ஆரம்பித்திருந்தன. இலங்கையில் கொழும்புக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி கட்ட அந்த நிதியம் தயார். எந்த மாவட்டத்தில் என்பதுதான் கேள்வி. மூன்று மாவட்டங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதுவது ஹால்வொர்சனின் வேலை. மட்டக்களப்பைத் தெரிவு செய்தால் செங்கலடியில் காணி தரலாம் என்று கச்சேரியில் சொல்லியிருந்தார்கள்.

ஏறாவூரிலிருந்து செங்கலடிக்கு பஸ்ஸில் பத்து நிமிடம். மாஸ்டரின் மனம் முழுவதும் அந்தப் பத்து நிமிடத்திலேயே இருந்தது.

அவருடைய ஒரே மகள் றஸீனாவுக்குக் கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து அனுமதிக் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. கடிதம் வந்த அன்றே மனைவி சித்தி நபீஸா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"கொமருப் புள்ளைய கண்டி மலைக்கு அனுப்பிப்போட்டு நான் இஞ்ச எப்பிடிக் கண்ணை மூடுற? ஒண்ணா. பக்கத்தில இருந்தாப் படிக்கட்டும். நான் வேணாமெண்டா சொன்ன?"

றஸீனா அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். கேட்டதற்குத் தலையாட்டுவாள், அவ்வளவுதான். நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை வாயை மூடியதும் வீட்டில் கோழி கொக்கரிப்பதுகூடப் பெரிய சத்தமாகக் கேட்டது. மாஸ்டரால் அதைத் தாங்க முடியவில்லை. பிள்ளையைப் பேராதனைக்கு அனுப்ப முடியாவிட்டால் என்ன, பல்கலைக்கழகத்தைச் செங்கலடிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று முடிவெடுத்தார்.

முதல் இரண்டு நாளும் அவருக்கு வேலையே இருக்கவில்லை. நகரத்துப் பெரிய மனிதர்கள் எல்லாரும் தாங்களே ஆங்கிலம் பேசினார்கள். மூன்றாம் நாள் காலை ஹால்வொர்சன், "கோட்டுப் போட்டவர்களின் கருத்துப் போதும். வயலில் நிற்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கவேண்டும்" என்றார். ஜீப் சாரதி பிலிப்பு பதுளை வீதியில் ஓட்டி, பிறகு கிரவல் பாதையில் திரும்பி, உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே கூட்டுறவுச் சங்கக் கடை வாசலில் நிறுத்தினான்.

அங்கே பதினைந்து பேரளவில் கூடியிருந்தார்கள். முன்னுக்கு நின்றவர் கதிராமப்போடியார். மேல்வட்டையில் நாற்பது ஏக்கர் வயல் அவருக்கு. அந்த வெயிலிலும் குடையை விரிக்காமல் கக்கத்தில் வைத்திருந்தார். அவருக்கு எதிரே ஆச்சிப்பிள்ளை. புருசன் செத்த பிறகு கீழ்வட்டையில் நாலு ஏக்கரைத் தனியாளாய்ச் செய்பவள். உழவிலிருந்து நேரே வந்திருந்தாள். முழங்கால் வரை சேறு.

"இங்கே ஒரு பல்கலைக்கழகம் வந்தால் அது முதலில் என்ன செய்யவேண்டும்?" என்று பேராசிரியர் கேட்டார். மாஸ்டர் அதை ஒரு சொல்லும் பிசகாமல் தமிழில் கேட்டார்.

"ஆனைய வெரட்டச் சொல்லுங்க மாஸ்டர்" என்றாள் ஆச்சிப்பிள்ளை. "போன போகம் ரெண்டு ஏக்கரத் திண்டுபோட்டுப் போயிற்று. மத்ததப் பிறகு பாப்பம்."

பேராசிரியர் பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தார். மாஸ்டர் அவசரமாகக் கணக்குப் போட்டார். யானை விரட்டக் கேட்கும் ஊருக்கு எவன் கல்லூரி கட்டுவான்?

"பெரிய விலங்குகளின் நடத்தையை ஆழமாக ஆராயவேண்டும் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "விலங்கியல் துறைக்கு முதலிடம் தரும்படி கேட்கிறார்."

ஹால்வொர்சனின் புருவம் உயர்ந்தது. ஆச்சிப்பிள்ளையின் சேற்றுக் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மளமளவென்று எழுதினார்.

அடுத்தது போடியார். "தண்ணி திறக்கிற துருசுக் கதவு கறல் பிடிச்சி இறுகிப் போச்சி. குளம் நிறையத் தண்ணி இரிக்கி, வாய்க்காலுக்கு வருகுதில்ல. மூணு வருசமா பெட்டிசம் எழுதிறம். ஒருத்தனும் எட்டிப் பாக்கல்ல."

"நீரியல் துறை மிக அவசியம் என்கிறார். மூன்று வருடங்களாக இது தொடர்பாக அதிகாரிகளுடன் கடிதத் தொடர்பு வைத்திருக்கிறாராம்."

பின்னாலிருந்து ஒரு கிழவர், "அந்தத் தொரைய வெயில்ல நிக்கவேணாமெண்டு சொல்லுங்க. தலையில மயிருமில்ல, மண்ட காஞ்சிபோகும்" என்றார்.

"காலநிலையியல்" என்றார் மாஸ்டர்.

பிலிப்பு ஜீப்புக்கு அப்பால் போய் இருமினான். அவனுக்கு ஓரளவு ஆங்கிலம் தெரியும்.

இதோடு முடிந்திருந்தால் பாதகமில்லை. போடியார் தண்ணீரைப் பற்றிப் பேசியது ஆச்சிப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

"கதவு இறுகினதாம் கதவு! ஒழுகி வாற கொஞ்சத் தண்ணியையும் தன்ட வயலுக்குத் திருப்பிறது ஆரெண்டு அவரிட்டயே கேளுங்க!"

"வாய அடக்கிப் பேசு புள்ள! உன்ட வரம்பு முழுக்க நண்டுப் பொந்து. அதில தண்ணி நிக்குமா?"

"நண்டா? நீங்க ஆள் விட்டு வெட்டின பொந்து அது!"

"ஆரப் பாத்து என்ன பேசிற?"

போடியார் குடையைக் கையிலெடுத்தார். ஆச்சிப்பிள்ளை குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்தாள். ஊர் இரண்டாகப் பிரிந்து நின்று கத்தியது. பேராசிரியர் மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன விவாதம்? என்ன விவாதம்?" என்று கேட்டார்.

"எந்தத் துறையை முதலில் தொடங்குவது என்பதில் கருத்து வேறுபாடு" என்றார் மாஸ்டர். வியர்வை அவர் தொப்பியைத் தாண்டி வழிந்தது. "அந்த அம்மா விலங்கியல் என்கிறார். அவர் நீரியல் என்கிறார்."

மண்கட்டி பறந்துவந்து போடியாரின் குடையில் பட்டுச் சிதறியது.

ஹால்வொர்சனின் கண் கலங்கிவிட்டது. "எங்கள் பல்கலைக்கழகப் பேரவையிலும் நாற்காலி வீசியிருக்கிறார்கள். ஆனால் அது வாகனம் நிறுத்தும் இடத்துக்காக. கல்விக்காக இப்படி அடித்துக்கொள்ளும் மக்களை நான் கண்டதேயில்லை" என்றார்.

திரும்பி வரும் வழியில் பேராசிரியர் தன் திட்டத்தைச் சொன்னார். நாளைக்கும் உன்னிச்சைக்குப் போகவேண்டும். ரேப் ரெக்கோடர் கொண்டுபோய் விவசாயிகளின் விவாதத்தைப் பதிவு செய்யவேண்டும். அதை நிதியத்தின் கூட்டத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டவேண்டும். "எங்களிடம் ஒரு தமிழ் மாணவன் படிக்கிறான். அவன் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துத் தருவான்" என்றார்.

மாஸ்டரை ஏறாவூரில் இறக்கிவிட்ட பிலிப்பு, "ஆனை, துருசு, மொட்டத் தலை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஜீப்பைத் திருப்பினான்.

மாஸ்டர் தேத்தண்ணி குடிக்கவில்லை. அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய் வந்தும் மனம் ஆறவில்லை. கிணற்றுக்கட்டில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்த மகளிடம் போய் நின்றார். கேட்கிறாளோ இல்லையோ என்று நடந்ததெல்லாவற்றையும் ஒப்புவித்தார். விலங்கியலில் றஸீனாவின் கை நின்றது. நீரியலில் உதட்டைக் கடித்தாள். காலநிலையியல் வந்ததும் துவைத்த சாரத்தை மண்ணில் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டு நபீஸா குசினியிலிருந்து ஓடிவந்தாள்.

சிரித்து முடிந்ததும் றஸீனா கேட்டாள், "எனக்காகவா வாப்பா இவ்வளவு பொய்யும்?"

"பொய்யெண்டு சொல்லாத மகள். கொஞ்சம் கூடிப்போச்சி."

"நாளைக்கு நானும் வாறன். நான் சொல்றன்."

"என்னத்த?"

"அவங்க சொல்றத்த."

மறுநாள் சங்கக் கடை வாசலில் ரேப் ரெக்கோடரின் சக்கரங்கள் சுழலத் தொடங்கின. ஆச்சிப்பிள்ளை நேற்றுச் சொன்னதையே இன்றும் சொன்னாள். றஸீனா தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில், தெளிவாகச் சொன்னாள்: "யானையை விரட்டவேண்டும். அது போன போகத்தில் இரண்டு ஏக்கர் நெல்லைத் தின்றுவிட்டது. மற்றதைப் பிறகு பார்க்கலாம்."

ஹால்வொர்சன் பேனாவை வைத்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் குளக்கட்டைப் பார்த்தார்.

"நேற்று என் தகப்பன் மாற்றிச் சொன்னார் சேர்" என்றாள் றஸீனா. "எனக்குப் பேராதனையில் இடம் கிடைத்திருக்கிறது. உம்மா அனுப்பமாட்டாராம். பல்கலைக்கழகம் இங்கே வந்தால் நான் படிக்கலாம் என்று அப்படிச் செய்துவிட்டார். நாங்கள் மன்னிப்புக் கேட்கிறோம்."

பேராசிரியர் ரேப் ரெக்கோடரை நிறுத்தினார். பிறகு, "அப்படியானால் அந்த மண்கட்டி?" என்று கேட்டார்.

"அது தண்ணீருக்காக."

"காலநிலையியல்?"

"அது உங்கள் தலைக்காக" என்றார் மாஸ்டர், நிலத்தைப் பார்த்தபடி.

ஹால்வொர்சன் தலையைத் தடவிப் பார்த்தார். பிலிப்பு தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தான். அவர் அதைப் போட்டுக்கொண்டு ரேப் ரெக்கோடரை மறுபடி ஓடவிட்டார். "எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொல் பிள்ளை" என்றார்.

அன்று அவர் இரண்டு மணி நேரம் கேட்டார். யானை எந்தக் கரையால் வருகிறது, எந்த மாதம், எத்தனை பேர் காவல் நின்றால் திரும்பும், எத்தனை பேர் நின்றால் திரும்பாது என்று ஆச்சிப்பிள்ளை சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினார். போடியார் அவரைத் துருசுக்குக் கூட்டிப்போனார். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கி, கதவைத் தட்டி, திருகிப் பார்த்து, சட்டை முழுக்கக் கறலோடு ஏறிவந்தார். நேற்றைக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசாதிருந்த போடியாரும் ஆச்சிப்பிள்ளையும் அவருக்கு இளநீர் வெட்டுவது யார் என்பதில் இன்னொரு சண்டை பிடித்தார்கள். றஸீனா அதையும் அப்படியே மொழிபெயர்த்தாள்.

"உன் உம்மாவைப் பார்க்கலாமா?" என்று ஜீப்பில் ஏறும்போது பேராசிரியர் கேட்டார்.

நபீஸா இடியப்பமும் கோழிக்கறியும் செய்து வைத்தாள். விருந்தாளி சாப்பிட்டு முடியும்வரை கதவுக்குப் பின்னால் பொறுத்திருந்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு அங்கிருந்தே கேட்டாள்.

"அவரிட்டயும் பொம்புளப் புள்ள இரிக்காமா? அவர் தூரத்துக்கு அனுப்புவாராமா? கேளுங்க."

மாஸ்டர் கேட்டார். ஹால்வொர்சன் சொன்னார். மாஸ்டர் திருப்பிச் சொன்னார்: "ஒரு மகள் இரிக்காம். வேற நாட்டில படிக்கிறாவாம், ரெண்டு நாள் கப்பலில போகணுமாம். முதல் மாசம் இவருக்குச் சோறு இறங்கல்லியாம். இவர்ர பொண்சாதி இண்டைக்கும் இவரோட கோவமாம்."

"சும்மா சேத்துச் சொல்லாதங்க" என்றாள் நபீஸா. "உன்னிச்சைக் கதையெல்லாம் எனக்கு வந்திற்று. புள்ள, நீ சொல்லு. அவர் என்ன சொன்னார்?"

"வாப்பா சொன்னதத்தான் உம்மா. ஒரு சொல்லும் கூடல்ல."

"கப்பலிலயா?" என்றாள் நபீஸா. பிறகு, "அந்தப் பொண்சாதி போய்ப் பாத்தவவா, புள்ள எப்பிடி இரிக்காவெண்டு?"

இல்லை, போக வழியிருக்கவில்லை என்று பேராசிரியர் சொன்னார்.

"பாத்தீங்களா" என்றாள் நபீஸா. "அதான் கோவம்."

றஸீனா இதை மொழிபெயர்த்தபோது ஹால்வொர்சன் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

புரட்டாதிக் கடைசியில் அறிக்கை வந்தது. கல்லூரி மட்டக்களப்புக்கு இல்லை, வேறொரு மாவட்டத்துக்கு. மாஸ்டர் கச்சேரி விறாந்தையில் நின்று அதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். பதினோராம் பக்கத்தில் ஒரு பந்தி இருந்தது. தூர மாவட்டங்களிலிருந்து பேராதனைக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு இந்த வருடம் தொடக்கம் நிதியம் விடுதி இடம் தரும். அதோடு, ஒவ்வொரு கல்வித் தவணையும் பிள்ளையைப் பார்த்து வரத் தாய்க்கும் ரயில் சீட்டும் மூன்று நாள் தங்க இடமும் தரும்.

மாஸ்டர் அந்தப் பந்தியை வீட்டில் சத்தமாகத் தமிழில் சொன்னார். நபீஸா கடுதாசியைப் பறித்து மகளிடம் கொடுத்தாள். மகள் சொன்னதும் அதேதான்.

"தாய்க்கெண்டா போட்டிரிக்கி? தகப்பனுக்கு இல்லியா?"

"இல்ல உம்மா. தாய்க்கு மட்டுந்தான்."

நபீஸா தன் வாழ்நாளில் ரயிலில் ஏறியதில்லை. காத்தான்குடிக்கு அப்பால் போனதுமில்லை. அன்று பின்னேரம் முழுவதும் அரிசி புடைத்தாள். புடைத்து முடிந்ததும், "சரி. நான் கண்ணால பாக்கணும். விடுதி மதில் உயரமில்லாட்டிப் புள்ளையத் திருப்பிக் கூட்டிற்று வந்திருவன்" என்றாள்.

மதில் அவ்வளவு உயரமில்லை. ஆனாலும் அவள் தனியாகத்தான் திரும்பி வந்தாள், மூன்று நாள் கழித்து, மலையைப் பற்றியும் குளிரைப் பற்றியும் விடுதிக் கறியில் உப்பில்லாததைப் பற்றியும் சொல்லி முடியாமல். அடுத்த தவணைக்கு முறுக்கும் மாசிச் சம்பலும் டின்களில் அடைத்துக்கொண்டு போனாள். அதற்கடுத்த தவணை, அவள் போகும் நாளைக் கேட்டுக்கொண்டு ஆமினா உம்மாவும் கைறுன்னிஸாவும் தங்கள் மகள்மாரின் விண்ணப்பப் படிவங்களோடு வீட்டுக்கு வந்தார்கள். நபீஸா அவர்களை இருத்தி, எந்த ஸ்டேசனில் இறங்கவேண்டும், எந்தப் பெட்டியில் சன்னல் திறபடும் என்று விளக்கமாகச் சொன்னாள். மாஸ்டர் குசினியில் தனக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.